குடுவைக்குள் ஒரு முகவரி: இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் கதை

விழா மலரில் நிறுவன வரலாறு என்றால் இயக்குநர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, அவர்கள் காலத்தில் எழும்பிய கட்டடங்களைச் சொல்லி முடிப்பது வழக்கம். இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கு அப்படியொரு பட்டியல் போட்டால் நீளமாகவே வரும். ஆனால் மையம் நூறாண்டுக்கு மேலாக எதைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கொல்கத்தாவின் சேகரிப்பு அறைகளுக்குத்தான் போகவேண்டும்.

அலமாரி அலமாரியாக கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறி நிறம் வெளுத்துப்போன ஓர் உடல்: மீனோ, தவளையோ, நண்டோ. பார்க்க அழகாக இருக்காது. உடலோடு ஒட்டினாற்போல் உள்ளே ஒரு சிறு லேபிள் கிடக்கும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், பதிவு எண். அவ்வளவுதான் விவரம். உடல் சிதைந்துபோனால் நட்டம்தான். ஆனால் லேபிள் போய்விட்டால், உடல் முழுசாக இருந்தும் அது எதற்கும் சான்றாகாது. புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும்போது எந்த உடலை வைத்துச் சூட்டினார்களோ அதற்கு மூலமாதிரி என்று பெயர். பின்னால் வரும் சந்தேகம் எதுவானாலும் அந்தக் குடுவையிடம்தான் திரும்பி வரவேண்டும்.

இந்தச் சேகரிப்பு மையத்தைவிட வயதில் மூத்தது. 1784-இல் தோன்றிய ஆசியக் கழகம், 1814-இல் நத்தானியல் வாலிக் என்ற டேனிஷ் தாவரவியலாளரின் முயற்சியால் ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. 1841-இல் அதன் காப்பாட்சியராக வந்தவர் எட்வர்ட் பிளைத். சம்பளம் சொற்பம், வேலை மலையளவு. பறவைத் தோல்களுக்கும் எலும்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர் எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டார்வினுக்குப் போய்ச் சேர்ந்தன. வளர்ப்பு விலங்குகள் பற்றியும் இந்திய இனங்களின் வேறுபாடுகள் பற்றியும் டார்வின் கேட்ட கேள்விகளுக்குக் கல்கத்தாவிலிருந்து பதில் போனது. ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் பிளைத்தின் கருத்துக்குத் தாம் பெருமதிப்பு வைத்திருப்பதாக டார்வின் எழுதியிருக்கிறார். பரிணாமக் கொள்கைக்குக் கல்கத்தாவும் கொஞ்சம் தீனி போட்டிருக்கிறது என்பதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

பிறகு சேகரிப்புகள் இந்திய அருங்காட்சியகத்துக்கு வந்தன. ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் மருத்துவராகப் போன ஆல்காக், ஆழ்கடலில் வலைபோட்டு அள்ளிய விநோதங்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவருக்குப் பின் 1907-இல் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் நெல்சன் அனண்டேல். பொறுப்பேற்ற ஆண்டிலேயே அருங்காட்சியகத்துக்கென்று இரண்டு ஆய்விதழ்களைத் தொடங்கிவிட்டார். விலங்கியல் பிரிவு தனி நிறுவனமாக வேண்டும் என்று விடாமல் வாதாடி, 1916 ஜூலை 1 அன்று மையத்தை உருவாக்கி, அதன் முதல் இயக்குநரும் ஆனார்.

அனண்டேல் பெயர் சூட்டுவதோடு நிற்கவில்லை. அந்த உயிர் ஏன் அங்கே வாழ்கிறது என்றும் கேட்டார். ஒடிசாவின் சிலிகா ஏரியில் மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீராகிவிடும். கோடையில் கடல்நீர் ஏறி உப்பாகும். இரண்டையும் தாங்கி வாழும் உயிர்கள் எவை, எப்படித் தாங்குகின்றன என்பதை அவரும் சக ஆய்வாளர் ஸ்டான்லி கெம்ப்பும் படகில் சுற்றிச்சுற்றி ஆராய்ந்தார்கள். 1915 முதல் வெளிவந்த அந்தத் தொகுதிகளை இன்றைய மொழியில் சூழலியல் என்போம். அந்த ஏரியிலுள்ள பர்குடா தீவில் கிடைத்த காலில்லாத அரணைக்கு 1917-இல் ‘பர்குடியா இன்சுலாரிஸ்’ என்று பெயரிட்டார். பெயரிலேயே ஊர் இருக்கிறது.

கெம்ப்புக்கு வாய்த்தது வேறு. 1911-இல் நோயல் வில்லியம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி வடகிழக்கு மலைகளின் சியாங் பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டதும், அபோர் மலைமக்கள்மேல் படை கிளம்பியது. அந்தத் தண்டனைப் படையெடுப்போடு விலங்கியலாளராகக் கெம்ப்பையும் அனுப்பினார்கள். அறிவியல் எந்தெந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தது என்பதை விழா மலரிலும் மறைக்கவேண்டியதில்லை. அங்கே கற்களைப் புரட்டிய கெம்ப்பின் கையில் கண்ணில்லாத வெல்வெட் புழு ஒன்று அகப்பட்டது. மென்மையான உடல், குட்டைக் கால்கள், இரையின்மேல் பீய்ச்சும் பசை. பூச்சிகளும் நண்டுகளும் அடங்கிய கணுக்காலிகளுக்குத் தூரத்துச் சொந்தம். ‘டிஃப்லோபெரிபேட்டஸ் வில்லியம்சோனி’ என்று பெயர் வைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் அண்மையில் சியாங் பள்ளத்தாக்கை மீண்டும் துழாவியபோதுதான் அகப்பட்டது. இந்த முறை அதன் மரபணுவும் படிக்கப்பட்டது. எங்கே தேட வேண்டும் என்பதைக் கெம்ப் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் உடல்களைப் பதப்படுத்தப் பெரும்பாலும் ஃபார்மலினைத்தான் பயன்படுத்தினார்கள். தசை கெடாது, உருவம் அப்படியே நிற்கும். ஆனால் டிஎன்ஏ-வைப் பிணைத்து முடிச்சுப் போட்டுவிடும். அத்தகைய குடுவையிலிருந்து மரபணுவை எடுப்பது பெரும்பாடு. எனவே இன்றைய ஆய்வாளர் பல நேரங்களில் லேபிளில் உள்ள ஊருக்கே போய், அதே ஓடையில் புதிதாகப் பிடித்து, பழைய உடலோடு ஒப்பிடுகிறார். உடலை வைத்துக்கொள்ளத்தான் குடுவை என்று அன்று நினைத்திருப்பார்கள். இன்று அதில் முதலில் தேடப்படுவது முகவரிதான்.

காத்துவைத்த பதிவு பின்னாளில் பயன்படும் என்பதற்கு என் மனதுக்கு நெருக்கமான சாட்சி ஒரு தலைப்பிரட்டை. தென்னிந்திய மலைகளில் கிடைத்த, இன்னதென்று தெரியாத தலைப்பிரட்டைகளை விவரித்து அனண்டேல் 1918-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றுள் ஒன்றின் வாய் உறிஞ்சுகுழல் போல. அருவி வேகத்திலும் வழுக்குப் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டத் தோதான வாய். எந்தத் தவளையின் குஞ்சு இது? பதில் தெரியாமலே கட்டுரை இதழின் பக்கங்களில் கிடந்தது.

2003-இல் எஸ். டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசைட்டும் இடுக்கி மலையிலிருந்து ஊதா நிறத்தில், ஊதிய உடலும் பன்றி மூக்குமாக ஒரு தவளையை ‘நேச்சர்’ இதழில் அறிமுகப்படுத்தினார்கள். ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்றுகொண்டு கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும் தவளை. அதன் மிக நெருங்கிய உறவு இந்தியாவிலேயே இல்லை, நடுக்கடலில் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது என்று மரபணு சொன்னது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த, டைனோசர்கள் உலவிய காலத்துச் சொந்தம் அது. அனண்டேலின் பெயரில்லாத தலைப்பிரட்டை இந்தத் தவளையின் குஞ்சுதான் என்பது அதன்பின் புரிந்தது. தவளையைக் கண்டுபிடித்த பெருமை மையத்துக்கு இல்லை. தெரியாததைத் தெரியாது என்றே பதிவுசெய்துவைத்த பெருமை உண்டு. இரண்டாவதை நான் குறைவாக மதிக்கமாட்டேன்.

கதை நம் பக்கமும் திரும்பியது. 2017-இல் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து இதே பேரினத்தில் இரண்டாவது தவளையை விவரித்தார்கள். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையில் இணைசேர, கிழக்குச் சரிவின் இந்தத் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலைத்தொடர், இரண்டு மழை, இரண்டு இனம். கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலைக் களப்பணியில் உயிரிழந்த ஊர்வன அறிஞர் சு. பூபதியின் நினைவாக ‘நாசிகாபட்ராக்கஸ் பூபதி’ என்று அதற்குப் பெயர்.

ஓடைப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் உடலமைப்பு என்றால் சுந்தர் லால் ஹோராவை விட்டுவிட முடியாது. 1919-இல் லாகூரில் அனண்டேல் கண்டெடுத்த மாணவர் அவர். மலையோடை மீன்களின் தட்டை வயிறு, ஒட்டும் தட்டு எல்லாம் நீரின் வேகத்துக்கு எப்படி அமைந்தன என்று ஆராய்ந்தார். 1924-இல் 47 வயதிலேயே அனண்டேல் இறந்துவிட, அந்த வழியை முன்னெடுத்துச் சென்றவர் ஹோராதான்.

இடையில் போர் வந்தது. ஜப்பானியக் குண்டுவீச்சுப் பயத்தில் 1942-இல் சேகரிப்புகளை மூட்டைகட்டிக் காசியில் கைசர் காஸில் என்ற மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். குண்டுக்குத் தப்பியதை ஆறு விடவில்லை. 1943-இல் வருணா பெருகி உள்ளே புகுந்தது. மாதிரிகள் பல பாழாயின. நூறு பேர் நூறாண்டு நடந்து சேர்த்ததை ஒரு வெள்ளம் தொட்டுவிட்டுப் போகும் என்ற பாடத்தை மையம் அன்று கற்றது.

1947 முதல் 1955-இல் இறக்கும்வரை இயக்குநராக இருந்த ஹோரா, சாத்பூரா கருதுகோளால் பெயர் பெற்றார். மலேயாப் பக்கத்து மீன்களும் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன? ஈரமான காலத்தில் விந்திய சாத்பூரா மலைகளைப் பாலமாகக் கொண்டு அவை மேற்கே வந்தன என்றார். பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான ஈ. ஜி. சைலஸ் போன்றவர்கள் அதை விரித்து விவாதித்தார்கள். மரபணு வந்தபின் மீன்களோடு நிற்காமல் ஒவ்வொரு விலங்குக் குழுவையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதாயிற்று. நீலகிரிக் கருமந்தியைப் பாருங்கள். உருவத்தை வைத்துத் தென்கிழக்காசிய இலைக்குரங்குகளோடு அதைச் சேர்த்திருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரவீண் கரந்த் குழு செய்த மரபணு ஆய்வு, அது நம் ஊர் அனுமன் மந்தியின் நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. பேரினப் பெயரும் மாறியது. கருதுகோள் எல்லா இடத்திலும் நிற்கவில்லை என்பதால் ஹோரா சிறியவராகிவிடமாட்டார்; சோதிக்கத்தக்க கேள்வியாக அதை எழுதிவைத்தவர் அவர்தானே.

விடுதலைக்குப் பின் கிளைகள் விரிந்தன. 1959-இல் ஷில்லாங், 1961-இல் சென்னை. கடல்வாழ் உயிரிகளுக்கென்று 1973-இல் சென்னையிலேயே தனி நிலையம். 1949-இல் மீரா மன்சுகானி முதல் பெண் அறிவியலாளராகச் சேர்ந்தார். ஒரு பெண் இயக்குநர் நாற்காலியில் அமர 2021 வரை, திரிதி பானர்ஜி வரை, ஆகிவிட்டது. 1970-களின் பிற்பகுதியில் இயக்குநராக இருந்த டி. என். அனந்தகிருஷ்ணன் சென்னை லயோலாக் கல்லூரிக்காரர். பயிர்க்காரர் எரிச்சலோடு சபிக்கும் இலைப்பேனை எடுத்துக்கொண்டு, எந்தச் செடியில் எந்த இனம், இலையில் முடிச்சு எப்படி உண்டாகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவர் லயோலாவில் நிறுவிய பூச்சியியல் ஆய்வு நிறுவனம் எத்தனையோ மாணவர்களை உருவாக்கியது.

2024 ஜூன் 30 அன்று இந்திய விலங்குகளின் முழுப் பட்டியலை மையம் இணையத்தில் வெளியிட்டது: 1,04,561 இனங்கள். மையம் ஆண்டுதோறும் வெளியிடும் விலங்குக் கண்டுபிடிப்புத் தொகுப்பில் 2023-க்கு மட்டும் 641 புதிய சேர்க்கைகள். அவற்றுள் 442 அறிவியலுக்கே புதியவை. எண்கள் பெருமைக்குரியவைதான். ஆனால் புதிய இனங்களை விவரிக்கும் கைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பல்கலைக்கழகங்களில் வகைப்பாட்டியல் படிக்க வரும் மாணவர்கள் குறைவு. படித்தவர்களுக்கு வேலை அதைவிடக் குறைவு. ஒரு குழுவின் வல்லுநர் ஓய்வுபெற்றால் அவருடைய கண் பழகிய அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி புதிதாகக் கண்டறியும் இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்த மையமும் அப்படியொரு களஞ்சியம். பிச்சாவரத்தில் ஒரு மாணவி புது நண்டைக் கண்டால் அதுவும் ஒரு நாள் ஒரு குடுவைக்குள் இடம்பிடிக்கும். அதை வாங்கிப் பதிவுசெய்து, ஸ்பிரிட் வற்றாமல் பார்த்துக்கொள்ள மண்டல மையங்களில் போதிய ஆட்களைப் போடவேண்டும். வாழ்த்துரைகளுக்கு நடுவே இந்தக் கோரிக்கையையும் அச்சேற்றுவதில் மலர்க் குழுவுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.