மலையிலிருந்து இறங்கிய உப்பு

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடலில்லை. நெய்தல் நிலத்து உப்பை உமணர்கள் வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியை நாம் சங்க இலக்கிய வகுப்புகளில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். கடல் கொடுப்பது, நாம் கொள்வது என்னும் எண்ணம் இதனால் வேரூன்றிவிட்டது. நிலவியல் கதையைத் தலைகீழாகச் சொல்கிறது.

சேர்வராயன் மலையில் பரவியிருப்பது சார்னோக்கைட் பாறை. (கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தபோது இடப்பட்ட பெயர்; நம் மலைக்கு ஒரு கம்பெனி வணிகரின் பெயர்!) அதில் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உண்டு. கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாக இறங்கும் மழைநீர் அதைச் சிறுகச் சிறுக அரித்துச் சோடியத்தைப் பிரிக்கிறது. திருமணிமுத்தாறு அதைச் சுமந்து காவிரியில் சேர்க்கிறது. காவிரி வங்கக் கடலில் சேர்க்கிறது. குளோரின் வந்த வழி வேறு. அதன் பெரும்பகுதி இளம்பூமியின் எரிமலைகள் உமிழ்ந்த வாயுக்களிலிருந்து வந்தது. கடல்நீர் ஆவியாகி மழையாய் மீள்கிறது. உப்போ அங்கேயே தங்கிவிடுகிறது. இன்று ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு.

உப்பு சேரும் வேகத்தைக் கொண்டு பூமியின் வயதை அறியலாம் என்றார் எட்மண்ட் ஹாலி, 1715இல். 1899இல் ஜான் ஜோலி கணக்கிட்டு எட்டு, ஒன்பது கோடி ஆண்டுகள் என்றார். உண்மையில் பூமியின் வயது சுமார் 454 கோடி. கடலடிப் பாறைகளும் படிவுகளும் சோடியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே கடலுப்பு சேமிப்பன்று, வரவுசெலவு.

இந்த உப்புக்குத்தான் வெள்ளை அரசு வரி விதித்தது. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, 1917இல் அந்நகராட்சித் தலைவருமான இராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து, 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார். வழிநடைப் பாடலை எழுதியவர் காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாம் நாமக்கல் கவிஞர் என்றழைப்பவர். அவரும் இராஜாஜியும் வாழ்ந்த நிலத்தின் சோடியமும் வேதாரண்யத்தில் அள்ளிய பிடியில் கலந்தேயிருந்திருக்கும். இலக்கிய வரலாறுகள் பாடலைச் சொல்கின்றன, இதைச் சொல்வதில்லை. தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். வழியெங்கும் ஊரார் சோறிட்டனர், உப்பிட்டே.