மழலையர் அறிவும் இரு அளவுகோல்களும்

பள்ளிப் பருவம் எய்தாத குழந்தையின் அறிவை அளக்க இயலுமா? இயலும் என்று கூறிய அறிஞர்கள் ஆக்கிய தேர்வுகளுள் பெரும்புகழ் பெற்ற இரண்டினை இங்கு ஒப்புநோக்குவோம்.

பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவும் வழி காண, 1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்பிரட் பினே, தியோடர் சைமனின் துணையோடு 1905-இல் 30 வினாக்கள் கொண்ட தேர்வை ஆக்கினார். 1908-இல் அது வயதுவாரியாக வகுக்கப்பட்டது. மூன்று வயதுக் குழந்தை தன் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். எவ்வயதினர்க்குரிய வினாக்கள் வரை விடையளிக்கிறதோ அதுவே அதன் மனவயது. ஆயினும், அறிவு என்றும் மாறாத ஓர் அளவு என்னும் கொள்கையைப் பினே 1909-இல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார்.

அவர் 1911-இல் மறைந்தார். மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916-இல் பினேயின் தேர்வைத் திருத்தியமைத்து, அவ்வீவை நூறால் பெருக்கி வழங்கினார். ஆறு வயதுக்குரிய அறிவு காட்டும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஈவு 120 ஆகும். 1937-இல் வந்த திருத்தம் இரண்டு வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. ஆனால், ஒரே ஈவு எல்லா வயதிலும் ஒரே பொருள் தரவில்லை.

டேவிட் வெக்ஸ்லர், நான்கு முதல் ஆறரை வயது வரையுள்ளோர்க்கென 1967-இல் வெளியிட்ட தேர்வு வேறு வழி சென்றது. அது மனவயதை விடுத்து, குழந்தையை அதன் வயதொத்தாரோடு ஒப்பிட்டது. சொல்லாற்றலுக்கும் செயலாற்றலுக்கும் தனித்தனி எண் தந்தது. எனவே, பேச்சில் பின்தங்கினாலும் கட்டைகளை அடுக்கி உருவம் அமைப்பதில் சிறக்கும் குழந்தையின் திறன் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடவில்லை.

எனினும் இவ்வெண்கள் குழந்தையின் விதியைக் கூறுவனவா? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெரால்டு ஸ்கீல்ஸும் உடனாய்வாளரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வு விடை பகர்கிறது. அநாதை இல்லத்திலிருந்த, ஈவு குறைந்த 13 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த மற்றோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டனர். அப்பெண்கள் அவர்களைக் கொஞ்சிப் பேணினர். குழந்தைகளின் ஈவு சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. கவனிப்பாரின்றி அநாதை இல்லத்தில் தங்கிய 12 குழந்தைகளின் ஈவோ ஏறத்தாழ 26 புள்ளிகள் தாழ்ந்தது. மாற்றப்பட்ட 13 பேரும் வளர்ந்து தம் காலில் நின்றதை 1966-இல் ஸ்கீல்ஸ் அறிவித்தார்.

ஆதலின் பெற்றோரே, தேர்வு தரும் எண்ணைக் கண்டு செருக்கவும் வேண்டா, சோரவும் வேண்டா. குழந்தை இன்று நிற்கும் இடத்தையே அது காட்டுகிறது. எங்கு உதவி தேவை என அதிலிருந்து அறிந்து, அவ்வுதவியை அளிப்பது நம் கடமையாகும்.