கண்ணோட்டம்
ஒத்தக்கடையில் ஒரு பயிற்சி வகுப்பின் ஃபிளெக்ஸ்: ‘எம்பதி உள்ள தலைவராகுங்கள்’. எம்பதி ஆங்கிலத்துக்கே புதுசு. ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடாக, கிரேக்க வேரிலிருந்து உளவியலாளர் டிட்செனர் 1909-இல் ஆக்கியது. இன்றைய கிரேக்கத்திலோ அதற்குப் பொருள் வன்மம்! தமிழில் ‘ஒத்துணர்வு’ என்கிறார்கள். எனக்கென்னவோ ‘கண்ணோட்டம்’தான் பிடிக்கிறது. இப்போது அதைப் ‘பார்க்கும் கோணம்’ என்றே புழங்குகிறோம். குறளில் அது 58-ஆம் அதிகாரம், ஆள்பவனுக்குச் சொன்னது. கண் அடுத்தவர்மேல் ஓடி, மனம் இரங்குவது. ‘தாட்சண்யம்’ கிட்டத்தில் வரும். ஆனால் அதில் முகத்துக்காக விட்டுக்கொடுக்கும் வாடை உண்டு. வள்ளுவரோ வேலை கெடாமல் இரங்கச் சொல்கிறார். லீவு கேட்டு நிற்கும் பெண்ணின் வீங்கிய கன்னத்தைக் கவனித்து, ஷிஃப்டுக்கு மாற்று ஆளும் போட்டு அனுப்புகிற சூப்பர்வைசர் கண்ணோட்டம் உள்ளவர்.