பனிக்காட்டு ஊர்கள் – 6: புல் என்று நினைத்த பச்சை

1900-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அலாஸ்காவின் ராங்கெல் மலைத்தொடர். கனிமம் தேடி வந்த இரண்டு பேர் ஒரு பெரிய பனியாற்றின் ஓரமாகக் குதிரைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளாரன்ஸ் வார்னர். இன்னொருவர் ஜாக் ஸ்மித். ஊரார் வைத்த பெயர் ‘டரான்டுலா’ ஜாக். விஷச் சிலந்தியின் பெயர் அது!

அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டைப் பாறையாக நிமிர்ந்து நின்ற மலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே, பளிச்சென்று ஒரு பச்சைத் திட்டு. குதிரைகளுக்கு நல்ல மேய்ச்சல் கிடைத்தது என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆனால், அவ்வளவு உயரத்தில் புல் ஏது? ஏறிப் போய்ப் பார்த்தார்கள். தேய்க்காமல் போட்ட செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் ஒரு பச்சை பூக்குமே, அந்தப் பச்சை அது. மலைக்கே களிம்பு ஏறியிருந்தது.

அங்கிருந்து எடுத்து வந்த கற்களைச் சோதித்தபோது, சிலவற்றில் 100 கிலோவுக்கு 70 கிலோ வரை செம்பு இருந்தது. 2 சதவீதம் இருந்தாலே சுரங்கம் தோண்டத் துணிந்த காலம் அது.

சென்ற வாரம், தங்கம் ஓய்ந்ததும் டாசன் நகரம் வெறிச்சோடிய கதையைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரே பனியாற்றின் கரையில், ஐந்து மைலுக்கும் குறைந்த இடைவெளியில் பிறந்த இரண்டு ஊர்கள். ஒன்றை, கென்னெகாட்டை, ஒரு கம்பெனி கட்டியது. மற்றதை யாரும் கட்டவில்லை, அதுவாக முளைத்தது. முதல் ஊரில் ஒழுங்கும் பணமும் இருந்தன. இரண்டாவது ஊரில் இரண்டுமே இல்லை. எது பிழைத்தது என்பதுதான் கதை.

பசிக்குக் கொடுத்த ரகசியம்

அந்தச் செம்பை வார்னரும் ஸ்மித்தும்தான் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மை. அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் ஆத்னா பழங்குடியினர். செம்பாற்றங்கரை மக்கள். தரையில் கிடைத்த செம்புக் கட்டிகளைத் தட்டிக் கத்தியும் அம்புமுனையும் செய்தவர்கள். யாரிடம் செம்பு இருந்ததோ அவருக்கே மரியாதையும் இருந்தது.

அவர்களில் தாரல் என்ற ஊரின் தலைவர் நிகோலாய். 1885-இல் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் ஹென்றி ஆலன் இந்தப் பகுதியை ஆராய வந்து, குழுவோடு பட்டினியில் வாடியபோது அவர்களுக்கு உணவு கொடுத்து அனுப்பியவர். பதினான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 1899-இல் பசி நிகோலாயின் மக்களை வாட்டியது. வெள்ளைக்காரர்களின் உணவு மூட்டைகளுக்கு ஈடாக, செம்பு இருக்கும் ஓரிடத்தைக் காட்டிக் கொடுத்தார் நிகோலாய். அந்த இடத்தை நம்பி வந்த குழுவில் இருந்தவர்கள்தான் வார்னரும் ஸ்மித்தும். நிகோலாய் காட்டிய இடத்தில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஆனால் அதைத் தேடி வந்த வழியில்தான் அந்தப் பச்சை மலை கண்ணில் பட்டது.

சில மூட்டை உணவுக்குத் திறந்த கதவு அது. அதன் வழியே கடைசியில் 20 கோடி டாலருக்கும் அதிகமான செம்பு வெளியேறியது.

‘ஓட முடியாது, ஓடவும் ஓடாது’

மலையில் செம்பு இருந்து என்ன பயன்? கடலுக்குக் கொண்டு போக வேண்டுமே. நடுவில் பனியாறுகள், பிளவுகள், காட்டாறுகள். வழி என்று ஒன்றுமே இல்லை.

இங்கேதான் ஸ்டீபன் பர்ச் வருகிறார். படிப்பை முடித்து வெளியே வந்த இளம் சுரங்கப் பொறியாளர். நியூயார்க் பணக்காரர்களின் ஆதரவோடு அலாஸ்காவுக்கு வந்தவர், பச்சை மலையில் பங்கு வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் பேசி உரிமைகளை வாங்கிச் சேர்த்தார். ரயில் இல்லாத அந்த நாட்களில், ஒரு நீராவிப் படகையே துண்டு துண்டாகக் கழற்றி, குளிர்காலத்தில் சறுக்குவண்டிகளில் மலை தாண்டிக் கொண்டுவந்து, உள்நாட்டு ஆற்றில் மறுபடி பூட்டி ஓட்டினார்கள். 1906-இல் குகன்ஹைம் குடும்பமும் ஜே.பி. மார்கனும் கைகோத்தார்கள். இனிப் பணத்துக்குப் பஞ்சமில்லை.

ரயில் பாதை எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புவது? முதலில் கட்டால்லா என்ற கடற்கரை ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் கிடுகிடுவென்று வளர்ந்தது. 1907-இல் ஒரு புயல் வந்து துறைமுகக் கட்டுமானத்தைச் சுக்குநூறாக்கியது. கம்பெனி கார்டோவாவுக்கு மாறிக்கொண்டது. கட்டால்லா மெல்லக் காலியாகி, இன்று வெறும் காடு. கென்னெகாட் பிறக்கும் முன்பே ஓர் ஊரைக் கொன்றுவிட்டுத்தான் பிறந்தது.

கார்டோவாவிலிருந்து சுரங்கம் வரை 196 மைல். ‘காப்பர் ரிவர் அண்ட் நார்த்வெஸ்டர்ன்’ என்பது ரயில்வேயின் பெயர். அதன் நான்கு முதலெழுத்துகளை வைத்துக்கொண்டு ஜனங்கள் ‘கான்ட் ரன் அண்ட் நெவர் வில்’ என்று கிண்டலடித்தார்கள். ஓட முடியாது, ஓடவும் ஓடாது!

ஓட வைத்தவர் மைக்கேல் ஹெனி. க்ளோண்டைக் தங்க வேட்டையின்போது ஒயிட் பாஸ் மலையில் ரயில் பாதை போட்டாரே, அதே ஹெனிதான். இந்தப் பாதையின் பெரிய கண்டம் செம்பாற்றின் குறுக்கே கட்டிய பாலம். ஒரு பக்கம் மைல்ஸ் பனியாறு, மறுபக்கம் சைல்ட்ஸ் பனியாறு. இரண்டிலிருந்தும் வீட்டளவு பனிப்பாளங்கள் உடைந்து ஆற்றில் விழும். ஆறு உறைந்திருக்கும் மாதங்களில் பனிமேல் மரச்சாரம் கட்டி, அதன்மேல் இரும்புப் பாலத்தைப் பூட்ட வேண்டும். பனி உருகுமுன் முடித்தாக வேண்டும்.

1910 வசந்தத்தில், ஒரு கண் முடியும் தறுவாயில், ஆற்றுநீர் ஏறிப் பனித்தளம் எழும்பிச் சாரத்தை நகர்த்திவிட்டது. நூற்றுக்கணக்கான ஆட்கள் இரவு பகலாக நீராவி பாய்ச்சியும் கோடரியால் வெட்டியும் தூண்களைச் சுற்றிய பனியை அகற்றி, சாரத்தை அங்குலம் அங்குலமாகப் பழைய இடத்துக்கு இழுத்தார்கள். நள்ளிரவில் பாலம் தூண்மேல் உட்கார்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பனி உடைந்து சாரம் முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. பாலம் மட்டும் நின்றது. 14 லட்சம் டாலர் விழுங்கிய அதற்கு ‘மில்லியன் டாலர் பாலம்’ என்றே பெயர்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹெனி இறந்துபோனார். 1911 மார்ச் 29 அன்று பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள்; செம்பாலேயே செய்த ஆணி. மொத்தச் செலவு 2.3 கோடி டாலர். முதல் சரக்கு ரயில் இறக்கிய தாதுவின் மதிப்பு மட்டும் 2.5 லட்சம் டாலர்.

சிவப்பு ஊரும் கீழ் ஊரும்

பனியாற்றுக்கு ராபர்ட் கென்னிகாட் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயர். கம்பெனியைப் பதிந்தபோது ஓர் எழுத்து பிசகி, ‘கென்னிகாட்’ ‘கென்னெகாட்’ ஆனது. இன்றுவரை பனியாறு ஒரு மாதிரி, ஊர் ஒரு மாதிரி.

மலைச்சரிவில் படிக்கட்டு போலப் 14 அடுக்காக இறங்கும் மரத்தாலான ஆலை. மேலே போனான்ஸா, ஜம்போ, எரீ, மதர் லோட் சுரங்கங்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் தாது இறங்கி வரும். ஆலை அதை நொறுக்கிச் சலித்துத் தரம் பிரிக்கும். தரம் குறைந்த தாதுவிலிருந்தும் அம்மோனியாவால் செம்பைக் கரைத்தெடுக்கும் முறையை உலகில் முதன்முதலாகப் பெரிய அளவில் செய்துகாட்டியது இந்த ஆலைதான். பிறகு எல்லாம் சாக்குகளில் கட்டி ரயிலேறி, கப்பலேறி, டகோமாவின் உருக்காலைக்குப் போகும். உலகம் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தது; ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டு தோட்டாவுக்குப் பித்தளை கேட்டது. செம்பு விலை எகிறியது.

கட்டடங்களுக்கெல்லாம் ஒரே சிவப்பு. மலிவாகக் கிடைத்த பெயின்ட் அது. மருத்துவமனை மட்டும் வெள்ளை. அலாஸ்காவின் முதல் எக்ஸ்ரே இயந்திரம் அங்கேதான் இருந்தது. பள்ளிக்கூடம், பால் பண்ணை, டென்னிஸ் மைதானம், படம் பார்க்கவும் ஆடவும் ஒரு கூடம் என்று எல்லாம் இருந்தன.

ஆனால் இவையெல்லாம் கம்பெனியின் சொத்து. ஆலை ஊரில் சுமார் 300 பேர், மேலே சுரங்கங்களில் 200 முதல் 300 பேர். பெரும்பாலும் வாரம் ஏழு நாளும் வேலை. அதிகாரிகள் குடும்பத்தோடு இருக்கலாம். தொழிலாளி தனியாக வந்து பொதுக் கொட்டகையில் படுத்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். மது கூடாது.

கூடாது என்றால் அது எங்கேயாவது இருந்தாக வேண்டுமே! கம்பெனியின் எல்லை முடிந்த இடத்தில், ஜான் பாரெட் என்பவரின் நிலத்தில், மெக்கார்த்தி முளைத்தது. ரயில் எஞ்சின்களைத் திருப்ப அங்கே சமதளம் இருந்தது. சாராயக்கடை, சீட்டாட்டக் கூடம், விலைமாதர் வீடுகள், கூடவே ஹோட்டல், மளிகைக்கடை, செய்தித்தாள் எல்லாம் வந்தன. 1913-இல் பக்கத்துச் சிசானாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் கூட்டம் இன்னும் பெருகியது. மேல் ஊரில் சம்பாதித்த காசு கீழ் ஊரில் கரைந்தது. மேல் ஊர் கீழ் ஊரை முகம் சுளித்துப் பார்த்தது. அதே கீழ் ஊர் இல்லாமல் மேல் ஊரின் ஒழுங்கு ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

ஒரு ரயில், ஒரு முற்றுப்புள்ளி

சுரங்கத்துக்கு ஒரு குணம் உண்டு. தோண்டத் தொடங்கிய நாளிலிருந்தே அது முடிவை நோக்கித்தான் போகும். 1920-களிலேயே வளமான தாது குறையத் தொடங்கிவிட்டது. 1930-களின் பெருமந்தம் செம்பு விலையைத் தரையில் தள்ளியது. ஆண்டுதோறும் வெள்ளமும் பனியும் பிய்த்துப் போட்ட ரயில் பாதையைப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. கம்பெனிக்கோ அதற்குள் யூட்டாவிலும் சிலியிலும் பெரிய சுரங்கங்கள் இருந்தன. இந்த மலையில் சம்பாதித்த பணம்தான் அவற்றுக்கு விதை.

1938 நவம்பரில் கடைசி ரயில் புறப்பட்டது. ஏற முடிந்தவர்கள் கையில் தூக்க முடிந்ததோடு ஏறினார்கள். இயந்திரங்கள் ஆலையிலேயே நின்றன. பாத்திரம் பண்டங்களும் நோயாளிகளின் பதிவேடுகளும் அப்படியே கிடந்தன. 27 ஆண்டு ஊர், ஒரு விசில் சத்தத்தோடு முடிந்தது. ரயில் நின்றதும் மெக்கார்த்தியும் காலியானது. ஆனால் முழுவதும் அல்ல. ஒரு கைப்பிடி ஆட்கள் போகாமல் இருந்துவிட்டார்கள்.

வித்தியாசம் இங்கேதான். கென்னெகாட்டில் தங்க நினைத்தாலும் முடியாது. வீடு கம்பெனியுடையது, மளிகை கம்பெனியுடையது, விறகும் மின்சாரமும்கூட. முதலாளி கிளம்பினால் ஊரே கிளம்பியாக வேண்டும். மெக்கார்த்தியில் யாரையும் ‘போ’ என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. 1960-களில் கம்பெனி, பழைய கட்டடங்களால் வம்பு வேண்டாமென்று அவற்றை அழிக்கக் குத்தகைக்கு ஆள்கூட அமர்த்தியது. சில எரிந்தன, வேலை பாதியில் நின்றது. அதனால்தான் சிவப்பு ஆலை இன்னும் நிற்கிறது.

1970-களில் நகரத்தை வெறுத்த இளைஞர்கள் ஒவ்வொருவராக மெக்கார்த்திக்கு வந்தார்கள். தண்டவாளம் பெயர்த்த மேட்டின்மேல் சிட்டினா என்ற ஊரிலிருந்து 60 மைல் மண்பாதை. புதைந்து கிடந்த ரயில் ஆணிகள் மேலெழும்பி டயர்களைக் குத்தின. பாதையின் முடிவில் கென்னிகாட் ஆறு. பாலம் கிடையாது, கம்பியில் தொங்கும் சின்னத் தொட்டிலில் உட்கார்ந்து, கையால் கயிறு இழுத்துத்தான் அக்கரை போக வேண்டும். கோடைதோறும் பனியாற்றுக்குப் பின்னால் தேங்கும் ஏரி திடீரென்று உடைத்துக்கொண்டு வெள்ளமாக வரும். ஊரார் அதையே திருவிழாவாக்கிக் கொண்டாடினார்கள்.

தனிமைக்கு விலையும் உண்டு. அந்நாளில் வாரம் ஒருமுறை அஞ்சல் விமானம் வரும். அன்றுதான் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். 1983 மார்ச் 1, அப்படியொரு அஞ்சல் நாளில், அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவனே துப்பாக்கியோடு வந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். சுமார் இருபது பேரே வாழ்ந்த இடம். எஞ்சியவர்கள் அப்போதும் ஊரைக் கைவிடவில்லை.

1980-இல் சுற்றுவட்டாரம் முழுவதும் ராங்கெல்–செயின்ட் எலையஸ் தேசியப் பூங்காவானது, 1.32 கோடி ஏக்கர், அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. 1998-இல் கென்னெகாட் ஆலையை அரசே வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் வந்திருந்தது. கார் போகும் பாலம் அல்ல. நடந்து போகும் பாலம். வருகிறவர்கள் வண்டியை இக்கரையில் விட்டுவிட்டு நடக்கிறார்கள்.

2010-இல் மெக்கார்த்தியின் மக்கள்தொகை 28. 2020-இல் 107. அவர்களில் பலருக்குப் பிழைப்பு, செத்த ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது, சோறு போடுவது, ஆலையைச் சுற்றிக் காட்டுவது.

வருகிறவர்கள் பலரும் ஆலைக்குக் கீழே சாம்பல் நிறக் கல்மேடுகளைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கழிவையா கொட்டினார்கள்?” என்று கேட்பார்கள். அது கழிவு இல்லை, பனியாறு. மேலே கல்லும் மண்ணும் போர்த்தியிருப்பதால் பனி கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்று புல் என்று நினைத்தது செம்பாக இருந்தது. இன்று குப்பை என்று நினைப்பது பனியாறாக இருக்கிறது. அந்தப் பனியும் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே வருகிறது.

கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். பிழைத்தது கீழ் ஊர்தான். ஆனால் தனியாக அல்ல. 1911-இல் மேல் ஊரின் சம்பளம் கீழ் ஊருக்குச் சோறு போட்டது. இப்போது மேல் ஊரின் பிணம் போடுகிறது.

கென்னெகாட்டை மூடியது ஒரு கம்பெனி. முதலாளியாக ஓர் அரசாங்கமே இருந்தால்? வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பியானோவும் நீச்சல் குளமும் வைத்துச் சோவியத் யூனியன் நடத்திய நிலக்கரி ஊர் ஒன்று உண்டு. 1998-இல் அதுவும் காலியானது. லெனின் சிலை மட்டும் இன்னும் பனியாற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அடுத்த வாரம் பிரமிடென் போவோம்.

(தொடரும்)