தேத்தண்ணியில் ஒரு சீனச் சொல்



லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோவில் ஏறினால் நான்காவது தரிப்பு பெல்வில். அங்குள்ள சீனக் கடைகளில் கேட்கும் பேச்சும், பதின்மூன்றாம் வட்டாரத்துச் சீனக் கடைகளில் கேட்கும் பேச்சும் எங்கள் காதுக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் கடைக்காரர் இருவரும் தத்தம் வீட்டுப் பேச்சில் கதைத்தால் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

சீன மொழியை மொழியியலாளர் வழமையாக ஏழு பெரும் பிரிவுகளாகப் பார்ப்பார்கள். 'நான்' என்பதற்கு மாண்டரினில் 'வோ', கன்ரோனிசில் 'ங்ஙோ', தியோச்சூவில் 'உவா'. யாழ்ப்பாணத்து 'பேந்து'வுக்கும் மட்டக்களப்பு 'மறுகா'வுக்கும் உள்ள வித்தியாசம் போன்றதல்ல இது. பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் உள்ள தூரத்தோடு இதை ஒப்பிடுவார்கள்.

பிரான்சுக்கு இப்பேச்சுகள் வெவ்வேறு காலத்தில் வந்தன. முதலாம் உலகப்போரின்போது, 1916 முதல், ஏறத்தாழ 140,000 சீனத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சில ஆயிரம் பேரே இங்கு தங்கினர். போருக்குப் பின் வென்சோ பகுதிச் சிறு வியாபாரிகள் வந்தார்கள். 1980களின் பின் அவர்களின் ஊரவர் பெருமளவில் வந்து, மூன்றாம் வட்டாரம், பெல்வில், ஒபெர்வில்லியே எனப் பரவினார்கள். 1975இல் கம்போடியா, வியட்நாம், லாவோஸ் மூன்றிலும் ஆட்சி மாறியபோது அகதிகளாக வந்த சீனர் பலர் தியோச்சூ பேசுபவர்கள். 1983இன் பின் நாங்கள் வந்ததுபோல, அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

ஒரே குடும்பப் பெயரை மாண்டரினில் 'சென்', கன்ரோனிசில் 'சான்', தியோச்சூவில் 'தாங்' என்று வாசிப்பார்கள். எங்களவரும் சாமான் வாங்கும் 'தாங் பிறேர்' கடையின் பெயர் அப்படி வந்ததுதான். தேயிலைக்கு ஒரு பக்கம் 'ச்சா', மற்றப் பக்கம் 'தே'. தியோச்சூவும் அடங்கிய மின் பிரிவின் 'தே'யை ஒல்லாந்தர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர் சொல்லும் 'தே'யும், எங்கள் தேத்தண்ணியில் உள்ள 'தே'யும் அந்த வேரிலிருந்து வந்தவை. இந்தியாவின் 'சாய்', கேரளத்தின் 'சாயா' இரண்டும் 'ச்சா'வின் பிள்ளைகள்.

எழுத்து எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். எழுத்துக் குறிகள் பொது என்பது உண்மை. ஆனால் இன்றைய எழுத்து நடை மாண்டரின் இலக்கணத்தில் அமைந்தது. 1956இல் சீன அரசு அதனைப் பொதுமொழியாக நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. சிங்கப்பூர் 1979இல் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மற்றச் சீனப் பேச்சுகளைப் படிப்படியாக நிறுத்தியது. சீனர் ஒருவரோடு ஒருவர் பேச ஒரு பொதுமொழி கிடைத்தது. ஆனால் பல வீடுகளில் பாட்டியும் பேரப்பிள்ளையும் பேச மொழி இல்லாமல் போனது.

பரிசிலும் பல தியோச்சூ வீட்டுப் பிள்ளைகள் வார இறுதி வகுப்பில் படிப்பது மாண்டரின்தான். அது பாட்டியின் பேச்சு அல்ல.

எங்கள் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்துத் தமிழ் படிக்கிறார்கள். அது வேண்டும், யாழ்ப்பாணத்தாரையும் மலையகத்தாரையும் பாண்டிச்சேரியாரையும் சேர்த்து வைப்பது அதுதான். ஆனால் அம்மம்மா 'மறுகா' என்று சொன்னால் அதைப் பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வானொலியிலும் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்கட்டும். சிங்கப்பூரில் முதலில் மௌனமானது வானொலிதான். வீடுகள் பிறகுதான் மௌனமாகின.