பாவித்த மோட்டார் சைக்கிளும் பதிவுப் புத்தகமும்

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டு ஓடியது என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மீன் வியாபாரியும் நாள்தோறும் நம்பியிருக்கும் வாகனமான பாவித்த மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. அந்த வாகனத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று இயந்திரத்தின் வரலாறு. மற்றையது அதனுடன் கைமாறும் பத்திரங்களின் வரலாறு. முதலாவதை வடபகுதி மக்கள் நன்கு கற்றார்கள். இரண்டாவதில் நாம் இன்னமும் கவனக் குறைவாகவே இருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வறுமையிலிருந்து எழுந்துகொண்டிருந்த யப்பானில், சொயிச்சிரோ ஹொண்டாவும் அவரது பங்காளியான தக்கேயோ புஜிசாவாவும் சாதாரண மனிதருக்கான வண்டியொன்றைத் திட்டமிட்டனர். 1958 ஆகஸ்டில் சுப்பர் கப் வெளிவந்தது. 50 சீசீ நான்கடிப்பு இயந்திரம், கையால் பிடிக்கத் தேவையற்ற கிளச், சேற்றைத் தடுக்கும் பிளாஸ்ரிக் காலுறை, சேலையோ பாவாடையோ அணிந்தவரும் ஏறக்கூடிய தாழ்ந்த சட்டம் ஆகியன அதன் சிறப்புகள். 2017இல் இந்த வரிசையில் உற்பத்தியான வண்டிகளின் தொகை 10 கோடியை எட்டியது. இயந்திரம் பொருத்திய வேறெந்த வாகனமும் இத்தொகையை நெருங்கியதில்லை.

இக்குடும்பத்தில் 1971இல் பிறந்ததுதான் எம்.டி. 90. யப்பானியத் தபால்காரருக்கெனச் செய்யப்பட்ட சிவப்பு நிற வண்டி அது. வாசலுக்கு வாசல் நின்று புறப்படுவதற்கும், பாரம் சுமப்பதற்கும், மழையிலும் பனியிலும் உழைப்பதற்கும் ஏற்ற வகையில் அது உறுதியாக்கப்பட்டிருந்தது. இலங்கையில் 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட, யப்பானில் பாவித்துக் கழித்த வண்டிகள் நமது துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. சீ. 50, சீ. 90, சாலி, சீடி 125, சீடி 200 என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெயர்களாயின. எம்.டி. 90 அவற்றுள் தனியிடம் பெற்றது.

அந்த வண்டிகளின் உண்மையான பரீட்சை 1990இல் ஆரம்பித்தது. பொருளாதாரத் தடையினால் யாழ். குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மக்கள் மண்ணெண்ணெய்க்கு மாறினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிய போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு வண்டியை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நவீனமான இயந்திரங்கள் அந்த உணவை ஏற்க மறுத்தபோது, அமுக்க விகிதம் குறைந்த பழைய எளிய இயந்திரங்கள் தாக்குப்பிடித்தன. எனினும் அதற்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயுடன் கலந்தது, ரிங்குகள் தேய்ந்தன, கரி படிந்தது. சந்திக்குச் சந்தி இருந்த கராஜ்களில் அவற்றைக் கழற்றிப் பூட்டிய இளைஞர்கள் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் கற்பிக்காத பாடங்களைக் கற்றனர்.

பாவித்த வண்டி வாங்குபவருக்கு அப்பாடங்கள் இன்றும் உதவும். விளம்பரத்தில் சொல்லப்படும் கிலோமீற்றரை விடக் குளிர்ந்த இயந்திரத்தை முதன்முறை உதைத்து இயக்கும்போது வரும் சத்தமும் புகையும் நம்பத்தக்கவை. ஆகவே விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டியை ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நீலப் புகை இயந்திர எண்ணெய் எரிகிறது என்பதன் அறிகுறி. முன் கவட்டில் எண்ணெய்க் கசிவு, சட்டத்தில் புதிய வெல்டிங், நேராக ஓடாத சில்லு ஆகியன பழைய விபத்தொன்றின் சாட்சிகளாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிப்பாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் வண்டியே மலிவான வண்டி. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்ட பின்னர் பஜாஜ், ஹீரோ ஹொண்டா, ரி.வி.எஸ். முதலிய இந்திய வண்டிகள் வடக்கில் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனிப் பத்திரங்களின் வரலாற்றுக்கு வருவோம். வாகனத்தால் காயமடையும் வழிப்போக்கருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக, மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதே கடப்பாட்டை விதிக்கிறது. 1962இல் தொழிற்படத் தொடங்கிய அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் சிறிது காலத்தில் இத்துறையின் ஏகபோக உரிமையைப் பெற்றது. 1988இல் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறந்தது. இன்று காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது.

இதனால் ஒரு தவறான எண்ணம் வளர்ந்துவிட்டது. காப்புறுதி என்பது வருமான அனுமதிப்பத்திரத்துக்காகக் கட்டும் ஒரு கட்டணம் என்றே பலர் கருதுகின்றனர். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டி களவு போனால் ஒரு சதமும் தராது. உங்கள் கால் முறிந்தாலும் தராது. அது உங்கள் வண்டி மோதிய மனிதருக்கானது. வண்டியையும் காக்க வேண்டுமாயின் முழுமையான காப்புறுதி தேவை. அதிலும் கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாகனங்கள் தெருவில் எரிந்ததைக் கண்ட நாட்டில் இது சிறிய விடயமன்று.

பழைய, விலை குறைந்த வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போதும் என்ற கணக்கு நெடுங்காலம் பொருந்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வண்டிகளின் விலை மளமளவென உயர்ந்தது. முழுக் காப்புறுதி வைத்திருந்தவர்களிலும் பழைய பெறுமதியை மாற்றாமல் விட்டவர்கள் இருந்தார்கள். சந்தைப் பெறுமதியை விடக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால், ஒப்பந்த நிபந்தனைப்படி இழப்பீடும் அதே விகிதத்தில் குறையலாம். ஆண்டுதோறும் பெறுமதியை மீளப் பார்ப்பது அவசியம் என்பதே இதன் பாடம்.

ஆயினும் மிகப் பெரிய ஆபத்து ‘ஓப்பின் பேப்பர்’ என்று சொல்லப்படும் வழக்கத்தில்தான் இருக்கிறது. விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வண்டி மூன்று நான்கு கை மாறும். பதிவு மட்டும் முதலாமவரின் பெயரிலேயே இருக்கும். இடப்பெயர்வுகளில் பதிவுப் புத்தகங்களைத் தொலைத்த வடக்கு, கிழக்கு மக்களிடையே இப்பழக்கம் வேரூன்றியமை விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் காப்புறுதி என்பது ஒருவருடன் செய்த ஒப்பந்தம். வண்டியுடன் அது தானாக இடம் மாறுவதில்லை. விபத்து நேர்ந்தால் வண்டியை என்றோ விற்றவரைப் பொலிஸார் தேடுவர். ஓட்டியவர் கைவிரிப்பார். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றப் படிக்கட்டில் நிற்பார்.

எனவே பணம் கொடுப்பதற்கு முன்னர், பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியொன்று முழு உரிமையாளராகப் பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பதிவு உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். தாமதமின்றி உங்கள் பெயருக்கு மாற்றி, காப்புறுதியையும் உங்கள் பெயரில் எடுங்கள். அதற்காகும் செலவை வண்டியின் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

‘மோட்டார் சைக்கிள் மோதி முதியவர் பலி’ என்ற செய்தியைப் பத்திரிகைக் காரியாலயத்தில் எத்தனையோ தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இறந்தவரின் வயது, ஊர், விசாரணை நடத்தும் பொலிஸ் நிலையம் என்பவற்றுடன் அச்செய்தி முடிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்ததா என்பது செய்தியாக வருவதில்லை. அது கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பெரும்பாலும் எங்கோ ஒரு மேசையில், வெறுமையாக விடப்பட்ட ஒரு படிவத்திலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது.