மறைந்த குரலும் மருண்ட சுவைஞரும்: நீல் யங்கின் ‘டிரான்ஸ்’ இசைத்தட்டு பெற்ற வரவேற்பு

கலைஞன் ஒருவன் விளக்கம் எதுவுமின்றி ஒரு படைப்பை வெளியிடுகின்றான். அவனைப் போற்றி வந்தோரே அதனை வெறுக்கின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் அவனே அதன் உட்பொருளைக் கூறுகின்றான். இந்நிலையில் முதற்கண் எழுந்த வெறுப்பை வரலாறு எழுதுவோன் எங்ஙனம் மதிப்பது? இலக்கிய ஆராய்ச்சியாளர்க்குப் புதியதல்லாத இவ்வினாவிற்கு, அண்மைக்கால மேலையிசை வரலாறு தெளிவான சான்றொன்று தருகின்றது. கனடா நாட்டில் 1945-ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவிற் பெரும்புகழ் எய்திய நீல் யங் என்னும் பாடகர் 1982-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘டிரான்ஸ்’ என்னும் இசைத்தட்டே அது.

யங்கின் குரல் இலக்கண வழுவாத குரல் அன்று. மெலிந்து, உயர்ந்து, இடையிடையே நடுங்குவது. 1972-இல் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தட்டும், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘ஹார்ட் ஆவ் கோல்ட்’ என்னும் அதன் பாடலும் இக்குரலை உலகறியச் செய்தன. மெருகிடப்படாத இக்குரலையே சுவைஞர் உண்மையின் அடையாளமாகக் கொண்டனர். பாடுவோன் பொய் சொல்லான் என்பதற்கு அந்நடுக்கமே பிணை. 1966-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் பாப் டிலன் மின்கித்தார் ஏந்தியபோது, அவையினின்று ஒருவர் அவரை யூதாசு எனக் கூவி இகழ்ந்த செய்தி பலரும் அறிந்ததே. ஆயினும் அங்கு மாறியது கருவி மட்டுமே. பாடுவோனது மிடறு மாறவில்லை. யங் மாற்றியது மிடற்றையே.

மாற்றிய கருவியின் பெயர் வோக்கோடர். தொலைபேசிக் கம்பியிற் குரலைச் சுருக்கி அனுப்புதற்பொருட்டு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஓமர் டட்லி என்பார் 1928 முதல் இதனை உருவாக்க முயன்றார். இரண்டாம் உலகப் போரில் 1943 முதல் வாசிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே நிகழ்ந்த மறைவுரையாடல்களைக் காத்த பொறியமைப்பிலும் இதுவே உறுப்பாயிற்று. பேசுவோனை மறைத்தற்குப் பயன்பட்ட கருவி பின்னர்ப் பாடகன் கைக்கு வந்தது என்பது கருதத்தக்கது. இது குரலைப் பல அலைவரிசைக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் வலிமையையும் அளந்து, அவ்வளவை வேறொரு மின்னிசைக் கருவியின் ஒலிமேற் பதிக்கின்றது. தொல்காப்பியப் பிறப்பியல் கற்றோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். எழுத்துப் பிறத்தற்கு எழுந்துவரும் காற்று ஒன்று, அதனைத் திருத்தும் நா, இதழ், அண்ணம் முதலிய உறுப்புக்களின் தொழில் மற்றொன்று. வோக்கோடர் பின்னதைப் பாடகனிடமிருந்து கொண்டு முன்னதை விலக்கிவிடுகின்றது. வாயசைவு மனிதனுடையது, மூச்சு பொறியினுடையது. ஜெர்மானிய இசைக்குழுவாகிய கிராஃப்ட்வெர்க் இவ்வொலியைத் தன் இயல்பாகவே கொண்டிருந்தமையின் அதனிடம் எவரும் குறை காணவில்லை.

யங்கின் சுவைஞருட் பலர் இவ்வொலியை எவ்வகை முன்னறிவிப்பும் இன்றியே எதிர்கொண்டனர். இசைத்தட்டு கடைக்கு வருமுன்னரே, 1982-இன் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களில் அவர் இப்பாடல்களைப் பாடினார். மேற்கு பெர்லினில் அவ்வாண்டு நிகழ்ந்த இசையரங்கு திரைப்பதிவாக இன்றும் கிடைக்கின்றது. பழைய பாடல்களை விரும்பி வந்தோர் முன்னர், யங்கின் உருவம் மேடையில் நிற்க, பிறிதொரு குரல் ஒலிக்கின்றது. இசைத்தட்டின் ஒன்பது பாடல்களுள் ஆறு இவ்வாறு அமைந்தவை. முதற் பாடலும் இறுதிப் பாடலும் இயல்பான குரலில் உள்ளமையின், கேட்போர் பழகிய வாயில் வழியே புகுந்து, அறியாத வீட்டினுள் திகைத்து, மீண்டும் பழகிய வாயில் வழியே வெளிவருகின்றனர். ஆறனுள் ஒன்று ‘மிஸ்டர் சோல்’. 1967-இல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் குழுவில் இருந்தபோது யங் தாமே இயற்றிப் பாடியது அது. தம் பழம்பாடலையே அவர் பொறிக்குரலில் மீளப் பாடியதை அன்பர் சிலர் தம்மை நோக்கிய ஏளனமாகக் கொண்டதில் வியப்பில்லை.

எதிர்ப்பை மிகைப்படுத்துதலும் கூடாது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இவ்விசைத்தட்டு 19-ஆம் இடம் வரை ஏறியது; திறனாய்வாளருட் சிலர் பாராட்டவும் செய்தனர். ஆயினும் நெடுநாள் அன்பர் பலர் கூறிய குறைகள் இரண்டு: சொல் விளங்கவில்லை, பாடுவோர் யங் அல்லர். இவற்றுள் இரண்டாவதனை வழக்குமன்றம் வரை கொண்டு சென்றது இசைத்தட்டு நிறுவனமே. 1983-இல் கெஃபன் நிறுவனம் 33 இலட்சம் டாலர் கோரி யங்மீது வழக்குத் தொடுத்தது. ‘டிரான்ஸ்’ இசைத்தட்டும் அதனை அடுத்து வந்த ‘எவ்ரிபடிஸ் ராக்கின்’ இசைத்தட்டும் விலைபோகும் தன்மையின்றி, அவருடைய முந்தைய இசையோடு ஒவ்வாது அமைந்தன என்பது அதன் முறையீடு. யங் எதிர்வழக்கிட்டார், பின்னர் இணக்கம் ஏற்பட்டது. ஒருவர் தமக்குத் தாமே ஒவ்வாதவராயினார் என்னும் குற்றச்சாட்டு இசைத் திறனாய்வில் எழுதல் உண்டு. அது சட்ட ஆவணமாகியது அரிது. வரவேற்பு வரலாறு எழுதுவோர் இவ்வழக்குரையையும் ஒரு திறனாய்வாகவே படித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

அக்காலத்தார் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1978-இல் பிறந்த யங்கின் இரண்டாம் மகன் பெருமூளை வாதத்தால் தாக்குற்றவன், வாய்பேச இயலாதவன். எண்பதுகளின் தொடக்கத்தில் பெற்றோர் நாள்தோறும் பன்மணி நேரம் அவனுக்குக் கடும்பயிற்சி அளித்துவந்தனர். பேசாத மகனுக்கும் அவனோடு உரையாட விழைந்த தந்தைக்கும் இடைப்பட்ட தடையே இப்பாடல்களின் கரு என யங் பின்னைய ஆண்டுகளின் நேர்காணல்களிற் கூறினார். ஜிம்மி மெக்டொனா 2002-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இதனை விரிவாகக் காட்டுகின்றது. ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ என்னும் பாடல் அம்மகனையே முன்னிலைப்படுத்துவது; பொத்தானை அழுத்திப் பொறியை இயக்கும் சிறுவனின் ஆற்றலை வியப்பது.

இதனை அறிந்தபின், 1982-ஆம் ஆண்டுச் சுவைஞரை இரக்கமற்றோர் எனப் பழித்தல் எளிது, முறையன்று. சொல் விளங்கவில்லை என்றனர், விளங்காமையே பாடுபொருள். பழகிய குரல் எட்டாத் தொலைவிற் சென்றது என்றனர். அத்தொலைவே தந்தை உற்ற துன்பம். அவர்தம் செவி பிழைக்கவில்லை. தடையைப் பாடகரின் விளையாட்டு எனக் காரணம் கற்பித்ததிலேயே பிழைத்தனர். அப்பிழைக்கும் யங் பொறுப்பாளரே. துறைக்குறிப்பு நீங்கிய அகப்பாட்டினைப் போல, கூற்று இன்னாருடையது என்னும் குறிப்பின்றி இப்பாடல்கள் வெளிவந்தன. அங்ஙனம் வந்த பாட்டிற்குத் தோழி கூற்று என்றும் தலைவி கூற்று என்றும் உரைகாரர் மாறுபடுதல் நாம் அறிந்ததன்றோ? இனி, விளக்கம் கிடைத்தமை கொண்டு ஆறு பாடல்களையும் மகனது நிலையோடு பொருத்த முயல்வது வலிந்து பொருள்கோடலே. தமக்கேற்ற எந்திரத் துணையை வரவழைத்துக்கொள்வோரைப் பற்றிய ‘சாம்பிள் அண்ட் ஹோல்டு’ பாடலில் எள்ளலே மிகுதி.

மதிப்பீடு மெல்ல மாறியது. பேச இயலாக் குழந்தைகட்கெனக் கலிபோர்னியாவில் பெகி யங் முன்னின்று பிறரோடு நிறுவிய பிரிட்ஜ் பள்ளிக்காக 1986-இல் முதல் நன்கொடை இசையரங்கு நிகழ்ந்தது. 1989-இல் ‘தி பிரிட்ஜ்’ என்னும் தொகுப்பில் சோனிக் யூத் என்னும் இளைஞர் குழு, யங்கின் புகழ்பெற்ற பழம்பாடல்களை விடுத்து, ‘டிரான்ஸ்’ இசைத்தட்டின் ‘கம்ப்யூட்டர் ஏஜ்’ பாடலைத் தேர்ந்து பாடியது. மூத்த சுவைஞர் தள்ளியதை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது.

1993-இல் யங் ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ பாடலை மின்னொலிக் கருவிகள் இன்றித் தம் இயல்பான குரலிற் பாடிப் பதிந்தார். சொற்கள் அனைத்தும் விளங்கின. பாடலின் பொருளை அன்றே உணர்ந்தோம் என்பார் பலர். இதுவே அதன் உண்மை வடிவம் என்பாரும் உளர். பாடவேறுபாடு ஆராய்வோர் இவ்விரு பதிவுகளுள் எதனை மூலபாடமாகக் கொள்வர் என்பது எண்ணத்தக்கது. 1993-ஆம் ஆண்டுப் பதிவிற் கேட்பது மகனைப் பற்றித் தந்தை பாடும் குரல். 1982-ஆம் ஆண்டுப் பதிவில் தந்தை தம் சொல்லைத் தாமே விளங்காமற் செய்து, மகன் நின்ற இடத்தில் நின்று பாடுகின்றார். ஆதலின் முந்தைய பதிவையே மூலபாடமாகக் கொள்ளுதல் தகும்.